வழக்கு இல்லை, வாழ்வு எங்கே?

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதோடு வந்த விலக்கு ஆணையை ஈழத் தமிழருக்குக் கிடைத்த பெரிய சலுகை என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காக வழக்குப் பாயாது. அந்த ஆணை அவர்களுக்குத் தருவது இவ்வளவுதான். குடியுரிமைக்கு அதில் வழியே இல்லை.

அதே ஆணை, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கு 2024 டிசம்பர் 31 வரை விலக்கு தருகிறது. அவர்களுக்குக் கிடைத்ததில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரே ஆணையில் தமிழனுக்கு மட்டும் ஏன் பத்தாண்டு குறைகிறது? 2022 பொருளாதார நெருக்கடியில் கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடியில் வந்து இறங்கி, மண்டபம் அகதி முகாமில் சேர்க்கப்பட்டவர்களுக்கு இதில் இடமே இல்லை. இந்தத் தேதியை வைத்தவர்கள் நாட்டுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இது எங்கோ நடக்கும் விவகாரம் அல்ல. ராஜபாளையத்தை அடுத்த மொட்டமலையிலும், இதே மாவட்டத்துக் குல்லூர்சந்தையிலும் முகாம்கள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நம் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வரும் இளைஞன் முகாமில் பிறந்தவனாக இருக்கலாம். இங்கேயே பள்ளி முடித்து, பட்டமும் வாங்கியிருக்கலாம். அரசு வேலைக்கு அவன் விண்ணப்பிக்க முடியாது. வெளியூர் வேலைக்குப் போனாலும் முகாம் கணக்கெடுப்புக்கு ஓடி வந்து நிற்க வேண்டும். ஓட்டுரிமை இல்லாததால் வார்டு உறுப்பினர்கூட அவனைத் தேடி வருவதில்லை.

2021-இல் மாநில அரசு 317 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகளைக் கட்டித் தர முன்வந்தது, பணக்கொடையையும் உயர்த்தியது. நல்ல காரியம். ஆனால் புது வீட்டில் குடியேறியவரும் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிதான்.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இந்த அலட்சியம் புதிதல்ல. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கான மலையகத் தமிழரை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு, அதில் எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பங்களையும் நெருக்கிக் கப்பலேற்றினார்கள். 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை முகாம் மக்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. ஆறே மாதத்தில், அவர்களை அடியோடு விட்டுவிட்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றினார்கள்.

மேலே உள்ளவர்களின் இந்தப் பார்வைதான் கீழே அதிகாரத் திமிராக இறங்குகிறது. 2016 மார்ச்சில் திருமங்கலம் அருகே உச்சப்பட்டி முகாமில் கணக்கெடுப்பு நடந்தது. மருத்துவமனையில் இருந்த மகனைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அதிகாரியிடம் முறையிட்ட ஒரு தகப்பன், மின்கம்பத்தில் ஏறி உயிரை விட்டார். அந்தச் சாவிலிருந்தும் பாடம் படிக்காதவர்கள்தான் இப்போது தேதி குறிக்கிறார்கள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகர்மன்றங்கள் இனியும் வாய் மூடியிருக்கக் கூடாது. நம் மக்கள் பிரதிநிதிகள் கட்சி பாராமல் தில்லியில் குரல் கொடுக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக நம்மோடு வாழ்கிறவர்களுக்கு, தண்டிக்க மாட்டோம் என்ற வாக்குறுதி மட்டும் போதாது. அவர்களுக்குச் சேர வேண்டியது குடியுரிமை. அதைத் தராத எந்த ஆணையும் அநீதியே.