கட்டற்ற மென்பொருளும் கட்டிப்போட்ட சாதியும்

நான் பங்களிக்கும் ஒரு சிறிய லினக்ஸ் குழுவுக்குப் போன ஆண்டு ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. நடத்தை விதிகள் என்றொரு கோப்பு உண்டு. இனம், பாலினம், மதம், தேசியம், உடல் தோற்றம் என்று எந்தெந்த அடிப்படையில் யாரையும் ஒதுக்கக்கூடாது என்ற பட்டியல் அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் 'சாதி' என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தேன், அவ்வளவுதான்.

எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு நன்றி சொல்லும் குழு அது. இதற்கு மூன்று வாரம் பதிலே இல்லை. பிறகு அடையாறில் வழக்கமாகக் கூடும் ஒரு சனிக்கிழமை, காபி குடிக்க வெளியே வந்தபோது, மூத்தவர் ஒருவர் தோளில் கைபோட்டுக் கேட்டார்: "எதுக்குப்பா இங்க பாலிடிக்ஸ்? இத்தனை வருஷத்துல உன்கிட்ட யாராவது சாதி கேட்டிருக்கோமா?"

கேட்டிருக்கிறார்கள். கேட்கிறோம் என்று தெரியாமலேயே கேட்டிருக்கிறார்கள். முதல் நாள் "சொந்த ஊர் எது?" என்றார்கள். திருவண்ணாமலைப் பக்கம் என்றேன். "பக்கம்னா?" ஊர்ப் பெயரைச் சொன்னேன். "மெயின் ரோட்டுக்கு எந்தப் பக்கம்? எங்க சித்தப்பா அங்க பேங்க்ல இருந்தார், அதான் கேட்டேன்." இன்னொரு நாள் வேறொருவர் குலதெய்வம் எது என்று கேட்டார். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலிருந்து தொடங்கி, பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டிக்கொள்வது அசிங்கம் என்ற எண்ணத்தை இந்த மண் வளர்த்தெடுத்தது. அதனால் தமிழ்நாட்டு நிரலாளர்களின் கமிட் பட்டியலைப் பார்த்து யார் என்ன சாதி என்று எளிதில் சொல்லிவிட முடியாது. வட இந்தியப் பெயர்கள் உள்ள பட்டியலை அருகில் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பெயரில் கிடைக்காததைத்தான் இங்கே ஊரிலும் தெருவிலும் குலதெய்வத்திலும் தேடுகிறார்கள்.

சரி, அந்தச் சொல்லை நான் கண்டுபிடித்தேனா? இல்லை. 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற நடத்தை விதி ஆவணத்தை உலகெங்கும் ஆயிரக்கணக்கான கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பயன்படுத்துகின்றன. 2018 செப்டம்பரில் லினக்ஸ் கெர்னலே அதன் 1.4 பதிப்பைத் தழுவித் தன் விதிகளை அமைத்துக்கொண்டது. அந்தப் பதிப்பில் சாதி கிடையாது. 2021-இல் வந்த 2.1 பதிப்பில்தான் இனத்துக்குப் பக்கத்தில் சாதியும் நிறமும் சேர்க்கப்பட்டன. எங்கள் குழு வைத்திருந்ததும் பழைய பதிப்பு. பதிப்பை உயர்த்தச் சொன்னேன், வேறொன்றுமில்லை. பழைய லைப்ரரியைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்களைக் கிண்டல் செய்யும் ஆட்கள்தான் நாங்கள் எல்லோரும்.

இதே குழு 2020-இல் என்ன செய்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, 'மாஸ்டர்' என்ற சொல் அடிமைமுறையை நினைவூட்டுகிறது என்று கேள்வி எழுந்தது. அந்த அக்டோபரிலிருந்து கிட்ஹப்பில் புதிய ரெப்போக்களின் முதன்மைக் கிளை 'மெயின்' ஆனது. கெர்னல்காரர்களும் ஜூலையிலேயே புதிய நிரலில் மாஸ்டர், ஸ்லேவ் போன்ற சொற்களைத் தவிர்க்க முடிவெடுத்திருந்தார்கள். எங்கள் குழு ஒரே வாரத்தில் மாற்றியது. ஸ்கிரிப்டுகள் உடைந்தன, உட்கார்ந்து சரிசெய்தோம். அது பாலிடிக்ஸ் என்று அன்று யாரும் சொல்லவில்லை. நானும் மகிழ்ச்சியோடுதான் செய்தேன், இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் மினியாபொலிஸில் நடந்த அநீதிக்காக மயிலாப்பூரில் கிளையின் பெயரை மாற்ற முடிந்தவர்களுக்கு, மயிலாப்பூரிலேயே "வெஜிடேரியன் ஒன்லி" பலகை மாட்டி வீடு மறுக்கும் வழக்கத்துக்கு ஒரு சொல் எழுத ஏன் முடியவில்லை? தூரத்து அநீதியை ஒப்புக்கொள்வதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பதாலா?

"நிரலுக்குச் சாதி கிடையாது" என்பார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2000-இல் ஒரு விவாதத்தில் பேச்சு மலிவானது, நிரலைக் காட்டு என்ற பொருளில் சொன்னது டி-சட்டைகள்வரை வந்துவிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நிரலைக் காட்டுகிறோம். ஆனால் நிரல் எழுத என்னென்ன வேண்டும்? கணினி வேண்டும். தடையில்லாத இணையம், தனியாக உட்கார ஒரு மூலை, ஆங்கிலத்தில் வாதாடும் பழக்கம் எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளம் இல்லாத வேலைக்கு ஒதுக்க மாலைகள் வேண்டும். ஒரு சிக்கலான பேட்ச் ஏற்றுக்கொள்ளப்படும் வரை அதே திருத்தத்தை நான்கைந்து முறை எழுத வேண்டியிருக்கும். சைதாப்பேட்டையில் ஐந்து பேர் ஓர் அறையில் இருந்த காலத்தில், மற்றவர்கள் தூங்கிய பிறகு கழிப்பறைப் பக்கத்து விளக்கின் கீழ்தான் நான் எழுதினேன். தாத்தா கட்டிய வீட்டில், கேட்காமலே காபி வந்து மேசையில் உட்காரும் வீட்டில் எழுதுபவரின் நிரலும் என்னுடையதும் ஒரே தரத்தில் அளக்கப்படும். அளக்கட்டும். ஆனால் அந்தக் காபியைப் போட்ட அம்மாவின், மனைவியின் நேரமும் அந்த ரெப்போவில் இருக்கிறது. அவர்கள் பெயரில் கமிட் கிடையாது.

எனக்கு முதல் கணினி எப்படிக் கிடைத்தது என்பதும் இந்தக் கணக்கில் வரும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கினேன். பொத்தானை அமுக்கினால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது. ஊரில் பலர் கடையில் கொடுத்து லினக்ஸை அழித்துவிட்டு, பாட்டும் படமும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கடைக்காரரிடம் கொடுக்கக் காசில்லாததால் அது தங்கியது. என் கட்டற்ற மென்பொருள் தத்துவம் அந்த வறுமையில்தான் தொடங்கியது, ஸ்டால்மேனைப் படித்து அல்ல.

இங்கே ஒருவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். தமிழக அரசுக்குள் லினக்ஸ் வந்த கதையை எங்கள் வட்டத்தில் சொல்லும்போது 2007 வரும். நந்தனத்தில் இயங்கும் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக அப்போது இருந்தவர் சி. உமாசங்கர். 1990 அணி ஐஏஎஸ் அதிகாரி, தலித். மதுரையில் சுடுகாட்டுக் கூரை ஊழலை வெளிக்கொண்டுவந்தவர். திருவாரூர் ஆட்சியராக இருந்தபோது அந்த மாவட்ட நிர்வாகத்தைக் கணினிமயமாக்கியவர். எல்காட் அலுவலகத்தையே அவர் லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்குப் போன ஆயிரக்கணக்கான கணினிகளில் சூசே லினக்ஸ் ஏறியது. பெருநிறுவனத்துக்கு உரிமக் கட்டணமாகப் போகும் பணத்தை அரசு ஏன் கட்ட வேண்டும் என்பது அவரது எளிய கேள்வி.

கதை வழக்கமாக அங்கே முடிந்துவிடும். 2010 வராது. அந்த ஜூலையில் திமுக அரசு அவரை இடைநீக்கம் செய்தது. சொல்லப்பட்ட காரணம், பட்டியல் சாதிச் சான்றிதழைப் பொய்யாகப் பெற்று வேலைக்குச் சேர்ந்தார் என்பது. இருபது ஆண்டுகள் பணியாற்றிய ஒருவரிடம் நீ உண்மையில் யார் என்று கேட்டார்கள். எல்காட் தொடர்பான முறைகேடுகளைத் தோண்டியதற்குப் பழிவாங்கல் இது என்றார் அவர். கடும் எதிர்ப்புக்குப் பிறகு ஆகஸ்டில் இடைநீக்கம் ரத்தானது. பிற்காலத்தில் அவர் மதப் பிரசங்கத்தில் இறங்கியது வேறு கதை, அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நிரலைக் காட்டச் சொல்பவர்களிடம் கேட்கிறேன்: ஒரு மாநிலத்தின் பள்ளிகளுக்கே லினக்ஸைக் கொண்டுபோன மனிதரிடம் கடைசியில் எதைக் காட்டச் சொன்னார்கள்?

சென்னை லினக்ஸ் குழுவின் கூட்டங்கள் பல ஆண்டுகள் இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில், விமானப் பொறியியல் துறை வகுப்பறையில் நடந்தன. எந்தக் கட்டணமும் இல்லை, யாரும் போகலாம். நானும் போய் நிறையக் கற்றேன். அந்த நன்றி எனக்கு உண்டு. அதே வளாகத்தில்தான் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டு, நாடெங்கும் எழுந்த போராட்டத்துக்குப் பிறகு ஜூனில் திரும்பக் கிடைத்தது. 'தகுதி' என்பது எப்படிச் சாதியின் இன்னொரு பெயராக மாறியது என்று அஜந்தா சுப்ரமணியன் 2019-இல் ஒரு நூலே எழுதினார். அவர் களமாக எடுத்துக்கொண்டதும் இந்த வளாகத்தைத்தான். 'யாரும் வரலாம்' என்பதற்கும் 'யார் வந்தார்கள்' என்பதற்கும் நடுவில் உள்ள தூரம் அந்த வாசலிலிருந்து வகுப்பறைவரை நடக்கும் தூரத்தைவிட அதிகம்.

அந்தத் தூரத்தைக் குறைக்க முயன்றவர்களும் இந்த இயக்கத்துக்குள்தான் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். பெங்களூருவில், சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்கள் அம்பேத்கர் பெயரிலேயே ஒரு சமூகக் கணினி மையம் அமைத்தார்கள். அங்கே பிள்ளைகள் கிம்ப் மென்பொருளில் ஓவியம் வரைந்தார்கள். விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறது. கணியம் தளம் 2012 முதல் எளிய தமிழில் நிரலாக்கம் சொல்லித்தருகிறது. இவர்கள் யாரும் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்ளவில்லை.

"சரிப்பா, சாதின்னு எழுதாட்டியும் பாகுபாடு தப்புன்னுதானே அர்த்தம்?" என்று மூத்தவர் கேட்டார். நேர்மையான கேள்வி. 2020-இல் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா அரசு போட்ட வழக்கை எடுத்துச் சொன்னேன். ஒரு தலித் பொறியாளர் உள்ளுக்குள் புகார் கொடுத்தபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று நிறுவனத்தின் ஊழியர் விவகாரப் பிரிவு முடிவுகட்டியதாக வழக்கு மனு சொன்னது. இரு மேலாளர்கள் மீதான வழக்கை 2023-இல் அரசுத் தரப்பே விலக்கிக்கொண்டது. தீர்ப்பு எப்படிப் போனாலும் எனக்கு அதில் பாடம் ஒன்றுதான்: பட்டியலில் சொல் இல்லாவிட்டால் புகாரைப் பதிவு செய்யவே கட்டம் இருக்காது. நிறுவனத்திலாவது மனிதவளப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நம் குழுக்களில் தொழிற்சங்கம் இல்லை, விசாரணைக் குழு இல்லை. அவமானப்பட்ட ஒரு பையனுக்கு, ஒரு பெண்ணுக்கு இருப்பது அந்த ஒரு கோப்பு மட்டும்தான். அதில் தன்னைக் காணவில்லை என்றால், சத்தமில்லாமல் வருவதை நிறுத்திக்கொள்வார்கள். அப்படி நின்றுபோனவர்களை நாம் 'ஆர்வம் குறைந்தவர்கள்' என்று கணக்கெழுதுகிறோம்.

போன மாதக் கூட்டத்துக்கு ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் புதிதாக வந்திருந்தார். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய திங்க்பேடோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூத்தவர் அவர் பக்கத்தில் போய் அன்பாகத்தான் கேட்டார், "சொந்த ஊர் எதுப்பா?"

"சென்னைதான் சார்."

"அதில்லப்பா, பூர்வீகம்?"

பையன் விழித்தார். நான் குறுக்கே புகுந்தேன்: "சார், என்ன டிஸ்ட்ரோ போட்டிருக்கார்னு கேளுங்க சார்."

மூத்தவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு கேட்டார். டெபியன் என்றார் பையன். வைஃபை டிரைவர் வேலை செய்யவில்லையாம். அடுத்த அரை மணி நேரம் இருவரும் தலையைக் குனிந்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நல்ல ஆசிரியர் அவர், அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

என் புல் ரிக்வெஸ்ட் இன்னும் ஏற்கப்படவும் இல்லை, மூடப்படவும் இல்லை. மற்ற வரிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டு முறை ரீபேஸ் செய்து திரும்ப அனுப்பியிருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள். ஒருவர் அந்த மாணவர்.