முதுகில் வீக்கத்தோடு பிறக்கும் பிள்ளைக்கு நாட்கள்தான் மருந்து



பிள்ளை முதுகில் வீக்கத்தோடு பிறந்தால், லயத்தில் முதலில் எழும் பேச்சு "கிரகணத்தில் வெளியே போயிருப்பாள்" என்பதுதான். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கரு உண்டாகி 28 நாட்களுக்குள் முண்ணாண் மூடிக்கொள்ள வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது மூடாமல் போகிறது. தாய்மேல் பழி போடுவது அநியாயம்.

இதற்குச் சத்திரசிகிச்சை உண்டு. முண்ணாண் தோல் மூடாமல் திறந்து கிடந்தால், கிருமி ஏறுவதற்கு முன், பிறந்து இரண்டு மூன்று நாட்களுக்குள் அதை உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். தலையில் நீர் தேங்கினால், அதை வயிற்றுக்கு வடியவிட மெல்லிய குழாய் வைப்பார்கள்.

வெளியே தெரியாத வகையும் உண்டு. இடுப்புக்கு மேலே மயிர்க்கொத்து, குழி, கொழுப்புக்கட்டி இருந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். உள்ளே முண்ணாண் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிள்ளை வளர வளர அது இழுபடும். பாதம் திரும்பும், நடை கெடும், சிறுநீர் கட்டுப்படாது. பெரிய பிள்ளை பாயை நனைத்தால் அடிக்க வேண்டாம், முதுகைப் பாருங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. செத்த நரம்பைச் சத்திரசிகிச்சை உயிர்ப்பிக்காது, மிச்சமிருப்பதைத்தான் காக்கும். ஆகவே தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு நட்டம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் மலையிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ போய்வரக் காசு வேண்டும். ஒரு தடவையோடு முடிவதும் இல்லை. வருடக்கணக்காகக் கிளினிக் போக வேண்டும். போகும் நாளெல்லாம் தாய்க்குப் பேர் இல்லை. இரண்டு மூன்று மாதம் பேர் விழாமல் போனதும் கிளினிக் அட்டை பெட்டிக்குள் போய்விடுகிறது. பிள்ளையின் கால் அங்கேதான் தோற்கிறது.

ஆகவே எமது சங்கம் நிர்வாகங்களிடமும் அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியவை இவை:

முதலாவது, இப்படிப்பட்ட பிள்ளையைக் கிளினிக் கொண்டுபோகும் நாளுக்குத் தாய்க்கோ தகப்பனுக்கோ சம்பளத்தோடு லீவு.

இரண்டாவது, கையொப்பம் கேட்கும் சத்திரசிகிச்சைப் படிவமும் விளக்கமும் தமிழில். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. விளங்காத தாளில் பெற்றோர் கையெழுத்து வைக்கக் கூடாது.

மூன்றாவது, போலிக் அமில மாத்திரை கரு உண்டாவதற்கு முன்பே கையில் கிடைக்க வேண்டும். நாளுக்கு 400 மைக்ரோகிராம் எடுத்தால் இந்தக் குறையைப் பெருமளவு தடுக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போய்க் கிளினிக் போகும்போது அந்த 28 நாட்கள் பெரும்பாலும் கடந்துவிடும். கலியாணம் முடித்தவுடனேயே குடும்ப நல உத்தியோகத்தரிடம் மாத்திரையைக் கேளுங்கள். முன்பு இப்படிப் பிள்ளை பிறந்த தாய்க்கு இன்னும் கூடிய அளவு தேவை. அதை வைத்தியர் சொல்லுவார்.

சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் மேசையிலேயே இதையும் வைப்போம். உழைக்கிறவர்களின் பிள்ளை நடப்பதும் உழைக்கிறவர்களின் உரிமைதான்.