கணக்கு நோட்டில் கடலும் வரட்டும்



பதினொன்றாம் வகுப்பில் பிசிக்ஸ் எடுத்த நம் பிள்ளைகள் பலர் மெக்கானிக்ஸ் பாடத்துக்கு வந்ததும் திணறுகிறார்கள். சிலர் அந்த ஆண்டே "எனக்கு சயின்ஸ் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நாமும் டியூஷன் தேடி ஓடுகிறோம். மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். அவர்களிடம் சூத்திரத்துக்குப் பஞ்சமே இல்லை. கணக்கில் என்ன நடக்கிறது என்பதைத் தன் வாயால், வீட்டில் பேசும் தமிழில், ஒரு தடவை சொல்லிப் பார்ப்பதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

பாடம் ஆங்கிலத்தில், விளையாட்டு இந்தியில், சாப்பாடு தமிழில் என்று வளரும் பிள்ளைகள் இவர்கள். கேள்வியைப் படித்ததும் எண்களைப் பொறுக்கி எடுத்து, எந்தச் சூத்திரத்தில் பொருந்தும் என்று பார்க்கிறார்கள். படகுக் கணக்கு ஒன்றில் இப்படித் தவித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நோட்டை மூடச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "டிங்கியிலிருந்து ஜெட்டிக்குத் தாவினால் டிங்கி என்னம்மா ஆகும்?"

"பின்னாடி போகும் தாத்தா."

"ஏன்?"

"நான் அதை உதைச்சுட்டுத்தானே தாவுறேன்!"

நியூட்டனின் மூன்றாம் விதி அவளிடம் ஏற்கெனவே இருந்தது. பிறகு எண்களைக் கொடுத்தேன். 50 கிலோ எடையுள்ளவர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தாவினால் உந்தம் 100. அதே 100 எதிர்த்திசையில் டிங்கிக்கும் போக வேண்டும். டிங்கி 200 கிலோ என்றால் வினாடிக்கு அரை மீட்டர் பின்வாங்கும். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

ஜெட்டியில் வரிசையாகக் கட்டித் தொங்கும் பழைய டயர்களை நம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள். அவை எதற்கு என்று கேளுங்கள். 1,000 டன் கப்பல் ஒன்று வினாடிக்கு வெறும் 20 சென்டிமீட்டர் வேகத்தில் வந்து அணைகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் கான்கிரீட்டில் மோதிப் பத்தில் ஒரு பங்கு வினாடியில் நின்றால் விசை 20 லட்சம் நியூட்டன். டயர் அமுங்கி 2 வினாடி எடுத்துக்கொண்டால் 1 லட்சம்தான். நிறுத்த வேண்டிய உந்தம் இரண்டிலும் ஒன்றே. டயர் வாங்கிக் கொடுப்பது நேரம்.

அலைவு பாடத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஊசல் ஓரத்துக்குப் போய் நிற்கும் கணத்தில் வேகம் சுழி, ஆகவே விசையும் சுழி என்று எழுதிவிடுவார்கள். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்தவர் யாரும் இப்படி எழுதக் கூடாது! கப்பல் ஒரு பக்கம் முழுவதும் சாய்ந்து ஒரு கணம் நிற்குமே, அப்போதுதான் அதைத் திருப்பி நிமிர்த்தும் விசை மிக அதிகம். நடுவே நிமிரும்போது அந்த விசை சுழி, வேகம்தான் உச்சம். வாந்திப் பையோடு படுத்திருந்த அனுபவத்துக்கும் ஒரு மதிப்பெண் கிடைக்கட்டுமே.

இதைப் பரீட்சைக்காக மட்டும் சொல்லவில்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே பெரிய நிலநடுக்கம் வந்தது. கடல்மட்டம் ஏறி இறங்குவதைத் தாளில் கோடாக வரையும் கருவிகள் அப்போது போர்ட் பிளேயரிலும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்), நாகப்பட்டினத்திலும், சென்னையிலும் இருந்தன. மூன்றிலும் சுனாமியின் அலைவு பதிவாயிற்று. ஓர் அலையோடு ஓயாமல் கடல் மீண்டும் மீண்டும் ஏறி இறங்கியதை அந்தக் கோடுகள் காட்டுகின்றன. நம் பிள்ளைகள் நோட்டில் வரையும் அலைவு வரைபடத்துக்கு இந்தத் தீவே தந்த உதாரணம் அது. ஆனால் அவர்களின் காதில் அது விழுவதில்லை.

2004 டிசம்பர் 26 நமக்கு வரலாறு அல்ல. நம் வீடுகளில் அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். முதல் அலை வடிந்ததும் இறங்கிப் போகக் கூடாது என்பதற்குக் காரணம் இந்த அலைவுதான். "முழங்கால் தண்ணீர்தானே" என்று நிற்கக் கூடாது என்பதற்குக் காரணம் உந்தம். அதையும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து கணக்காகவே போட்டேன். அரை மீட்டர் ஆழம், இரண்டு காலும் சேர்ந்து 30 சென்டிமீட்டர் அகலம், தண்ணீர் வினாடிக்கு 3 மீட்டர் வேகம். ஒரு வினாடியில் வந்து மோதுவது 450 கிலோ தண்ணீர். அத்தனையும் காலில் முட்டி நின்றால் விசை 1,350 நியூட்டன். காலைச் சுற்றி ஓடிவிடுவதைக் கழித்துப் பாதி என்று வைத்தாலும், சுமார் 70 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். முழங்காலுக்குக் கீழே அப்படித் தள்ளினால் யார் நிற்க முடியும்?

அவள் கொஞ்ச நேரம் விடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேகம் ரெண்டு மடங்கானா தண்ணியும் ரெண்டு மடங்கு வரும், வேகமும் ரெண்டு மடங்கு. அப்ப நாலு மடங்கா தாத்தா?" என்றாள்.

நாலு மடங்குதான். அந்தச் சூத்திரத்தை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.