அரை மில்லிமீற்றர் பொறுமை

மாதிரிப் புகையிரதம் செய்வது சிறுபிள்ளை விளையாட்டு என்று ஏளனம் செய்வோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கே இதை எழுதுகிறேன்.

கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டைவரை ஒருகாலத்தில் களனிவெளிப் புகையிரதம் சென்றது. பாதையின் அகலம் இரண்டரை அடி. தோட்டத் தொழிலாளர் வியர்வையில் விளைந்த தேயிலையும் இறப்பரும் அதிலேறிக் கொழும்பு சென்றன. 1942இல் அந்தக் கிளைப்பாதை மூடப்பட்டது. கொழும்பிலிருந்து அவிசாவளைவரை எஞ்சிய ஒடுங்கிய பாதையும் 1990களில் அகலப்பாதையாயிற்று.

அதை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். ‘என்’ அளவுத் தண்டவாளத்தின் அகலமும் அதுவே. ஆகவே அவ்வளவின் அடிச்சட்டங்களை வாங்கி, மேற்கூட்டை நாமே கட்டலாம். இடைஞ்சல் இணைப்புக் கொக்கிதான். அவற்றில் வழமையாக வரும் ‘ரப்பிடோ’ கொக்கி பருமனானது. பெட்டிகளை விலக்கி நிறுத்தும். அதை வெட்டி நீக்கி, சட்டத்தில் துளையிட்டு, மடித்த விரல்போன்ற நுண்கொக்கியைத் திருகாணியால் பொருத்த வேண்டும். இரு கொக்கிகளின் உயரமும் அரை மில்லிமீற்றர் பிசகினால், ஏற்றத்தில் பெட்டி கழன்றுவிடும்.

இது விளையாட்டா? மறைந்த பாதையைக் கையால் மீட்கும் உழைப்பு ஐயா இது! அரை மில்லிமீற்றருக்குப் பொறுமையில்லாதோர், மலையக வரலாற்றைக் காப்போம் என்று மேடைகளில் முழங்குவதுதான் விளையாட்டு.