கணைய நீர்க்கட்டியும் புற்றுநோய் அபாயமும்: எங்கள் நிலைப்பாடு

திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா, பித்தப்பைக் கல்லுக்காக வயிற்று ஸ்கேன் எடுத்தார். ரிப்போர்ட்டில் கல்லைப் பற்றி நாலு வரி. கடைசியில், கணையத்தில் 18 மில்லிமீட்டர் நீர்க்கட்டி இருப்பதாக ஒரு வரி. கல்லுக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. வீடு மாறும்போது பீரோவுக்குப் பின்னால் கிடந்த ஸ்கேன் கவரை எடுத்துப் பார்த்த மகள்தான் அந்த வரியைப் படித்துச் சொன்னாள். கவரோடு எங்களிடம் வந்த அக்கா கேட்டது ஒரே கேள்வி: “இது கேன்சருங்களா?”

அதற்குள் மூன்று பேர் அவருக்கு மூன்று பதில் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் ஆகாது, விடு. கத்தி வைத்து உடனே எடுத்துவிடு. கேன்சர் ரத்தப் பரிசோதனை எடு, தெரிந்துவிடும். இந்த மூன்றும் தவறான பதில்கள் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

கணைய நீர்க்கட்டிகள் எல்லாம் ஒரே சாதி அல்ல. கணையம் வீங்கி ஆறிய பிறகு தேங்கும் போலிக் கட்டி புற்றாக மாறாது. தெளிந்த நீர் நிறைந்த சீரஸ் கட்டியும் அநேகமாக மாறுவதே இல்லை. சளி போன்ற கெட்டித் திரவம் சுரக்கும் இரண்டு வகைகள்தான் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகக் கருதப்படுபவை: கணைய நாளத்திலிருந்து கிளைக்கும் ஐ.பி.எம்.என்., பெரும்பாலும் பெண்களுக்கு வரும் எம்.சி.என். அவற்றிலும் எல்லாம் புற்றாவதில்லை. எது மாறக்கூடும் என்று கணிப்பதுதான் கடினமான வேலை.

அந்தக் கணிப்புக்கு அளவுகோல்கள் இருக்கின்றன. 2006இல் செண்டாய், 2012இலும் 2017இலும் ஃபுகுவோகா என்று ஜப்பானிய நகரங்களின் பெயரால் வழங்கும் சர்வதேச வழிகாட்டுதல்கள் படிப்படியாகத் திருத்தப்பட்டு, 2024இல் கியோட்டோ வழிகாட்டுதலாக வெளியாயின. கட்டி அடைத்து மஞ்சள் காமாலை வருவது, கட்டிக்குள் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ரத்த ஓட்டமுள்ள முடிச்சு இருப்பது, முதன்மை நாளம் 10 மில்லிமீட்டர் அளவுக்கு விரிவது ஆகியவை உயர் அபாயக் குறிகள். உடல்நிலை தாங்குமென்றால் அறுவை சிகிச்சையே வழி. கட்டி 3 சென்டிமீட்டரை எட்டுவது, ஆண்டுக்கு இரண்டரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்வது, நாளம் 5 முதல் 9 மில்லிமீட்டர் வரை விரிவது, கடந்த ஓராண்டுக்குள் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது முதலியவை கவலைக் குறிகள். எண்டோஸ்கோப் வழி அல்ட்ராசவுண்டால் நெருங்கிப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாத, 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிக்கு ஆறு மாதத்தில் ஒருமுறை, பிறகு 18 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அளவைப் பார்த்தால் அந்த அக்காவின் கட்டி இந்தக் கடைசி வகை. ஆனால் அவரிடம் சர்க்கரையைப் பற்றியும் எடையைப் பற்றியும் யாரும் கேட்டிருக்கவில்லை. நாங்கள் கேட்டோம், மருத்துவரிடம் சொல்லச் சொன்னோம்.

வயதானவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் இப்படிச் சின்னக் கட்டிகள் கணிசமானோருக்குத் தென்படும். ஆகவே பயந்து அறுப்பது பெரும் கேடு. கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் ஆபரேஷனில், தேர்ந்த கைகளிலும் நூற்றுக்குச் சிலர் உயிரிழக்கிறார்கள். பிழைப்பவர்களில் பலருக்குக் கசிவும் சீழும் வருகின்றன, சிலருக்கு ஆயுள் முழுக்கச் சர்க்கரை நோய். மாறவே போகாத கட்டிக்காக ஒருவர் இந்த விலையைக் கொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

எங்கள் ஊருக்கென்று இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, வயது. சீரஸ் கட்டி பாட்டியின் கட்டி, எம்.சி.என். அம்மாவின் கட்டி, மகளுக்கும் ஒரு கட்டி உண்டு என்று கதிரியக்க மருத்துவர்கள் சொல்வதுண்டு. அந்த மூன்றாவது கட்டி, திடத்தன்மையும் நீரும் கலந்த எஸ்.பி.என்.; இருபது, முப்பது வயதுப் பெண்களுக்கே பெரும்பாலும் வருகிறது. காத்திருக்காமல் எடுக்க வேண்டிய கட்டி அது. எடுத்தால் பெரும்பாலானோர் முழுக்கக் குணமடைகிறார்கள். இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் டெய்லர் மெஷினிலும் செக்கிங் டேபிளிலும் உழைக்கிற இந்த வட்டாரத்தில், ‘சின்ன வயசு, ஒன்றுமிருக்காது’ என்று ஒரு ரிப்போர்ட்டைத் தள்ளிவைப்பது ஆபத்து.

இரண்டாவது, கணையத்தில் கல் விழும் நாள்பட்ட அழற்சி. கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் விரிவாகப் பதிவு செய்த இந்த நோய் தமிழ்நாட்டிலும் நெடுங்காலமாக உண்டு. இந்த நோய் உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் அபாயம் பல மடங்கு அதிகம் என்று சென்னை மருத்துவர் வி. மோகன் உள்ளிட்டோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இவர்களின் கணையத்தில் தெரியும் நீர்க்கட்டி போலிக் கட்டியாகவே இருக்கலாம். ஆனால் பார்க்காமலே அப்படி முடிவு கட்டக் கூடாது. வேறு நாட்டு நோயாளிகளை மனதில் வைத்து எழுதிய அளவுகோலை அப்படியே பொருத்தி நிம்மதி அடையவும் கூடாது.

கம்பெனி வாசலில் போடும் ‘கேன்சர் பேக்கேஜ்’ முகாம்களை நாங்கள் ஆதரிக்கவில்லை. சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனை சாதாரணக் காமாலையிலும் ஏறும்; மக்களில் ஒரு சாராரின் உடல் அந்தப் பொருளைச் சுரப்பதே இல்லை. சாதாரண வயிற்று ஸ்கேனில் குடல் காற்று கணையத்தை மறைத்துவிடும். அறிகுறி இல்லாத எல்லோருக்கும் கணையப் புற்றுநோய்ச் சோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவும் 2019இல் சொல்லிவிட்டது. நாங்கள் கேட்பது புதிய சோதனைகள் அல்ல. ஏற்கெனவே ரிப்போர்ட்டில் எழுதப்பட்ட அந்த ஒரு வரி தொலையாமல் இருக்க வேண்டும்.

பனியன் கம்பெனியில் கட்டிங்கிலிருந்து போகும் ஒவ்வொரு பண்டலிலும் சீட்டு இருக்கிறது. எந்த சைஸ், எத்தனை பீஸ், எந்த டேபிளுக்கு என்று அது சொல்லும். சீட்டில்லாத பண்டலை டெய்லர் தொடமாட்டார். மனிதரின் கணையக் கட்டிக்கு அந்த மரியாதைகூட இல்லை. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் தீபாவளிக்கு ஊர் போனால் வேறு கம்பெனிக்குத் திரும்புகிறார்கள். ஸ்கேன் கவர் பழைய அறையிலேயே கிடக்கிறது. எனவே ஸ்கேன் மையமோ மருத்துவரோ கட்டியின் அளவு, இருக்குமிடம், அடுத்த ஸ்கேன் மாதம் ஆகிய மூன்றையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒரு சிறு அட்டையில் எழுதித் தர வேண்டும் என்று கோருகிறோம்.

2019 பிப்ரவரி 10 அன்று இதே பெருமாநல்லூரில் நடந்த விழாவில்தான் பிரதமர் திருப்பூரின் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 2024 பிப்ரவரி 25 அன்று அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கணையக் கட்டி உள்ளவர்களுக்கு அங்கே ஒரு பதிவேடு வேண்டும். தொழிலாளியின் இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் கம்பெனி மாறினாலும் மாறுவதில்லை. அந்த எண்ணோடு அடுத்த ஸ்கேன் தேதியும் போகட்டும். அறுவை சிகிச்சை பற்றிய முடிவை ஒரே மருத்துவர் எடுக்காமல், இரைப்பை-குடல் மருத்துவர், கதிரியக்க மருத்துவர், அறுவை மருத்துவர் மூவரும் சேர்ந்து எடுக்க வேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடர் எம்.ஆர்.ஐ. செலவையும் சிகிச்சையின் பகுதியாகவே ஏற்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பணம் எளிதாகவும் கண்காணிப்புக்கு அரிதாகவும் கிடைத்தால், ஏழை மனிதர் கத்தியின் பக்கம்தான் தள்ளப்படுவார்.

ஜாப் ஒர்க் யூனிட்களில் இ.எஸ்.ஐ. இல்லாமல் பீஸ் ரேட்டில் உழைப்பவர்களுக்கு இவை எதுவும் தானாக எட்டாது. அவர்களுக்காக எங்கள் அலுவலகத்தில் ஒரு நோட்டு திறந்திருக்கிறோம்; தேதி நெருங்கும்போது போன் செய்வோம். கம்பெனி உரிமையாளர்களிடம் கேட்பது ஒன்று: கோவைக்கு ஸ்கேன் எடுக்கப் போகும் அந்த ஒரு நாளுக்கு, ஒன்றரை ஷிப்ட் சம்பளத்தைச் சனிக்கிழமைக் கணக்கில் பிடிக்காதீர்கள்.