குப்பைக்கும் மூச்சு வேண்டும்

இட்லி மாவைப் புளிக்க வைப்பது யார்? நீங்கள் அரைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இரவெல்லாம் உழைக்கின்றன. நீங்கள் வெளியே கொட்டும் காய்கறித் தோலையும் மிஞ்சிய சோற்றையும் மக்கச் செய்வதும் அவற்றின் உறவினர்தாம்.

இந்த ஊழியர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒன்றுக்குக் காற்று வேண்டும். மற்றதற்குக் காற்றே ஆகாது. மலைபோல் குவிந்த குப்பைக்குள் காற்றுப் புகாதல்லவா? அங்கே இரண்டாவது கட்சியின் ராஜ்யம்தான். ஒரு கூட்டம் குப்பையை அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அதை மீத்தேன் வாயுவாக்கும். வேலையோ மெத்தனம், நாற்றமோ சகிக்க முடியாது. மீத்தேன் எளிதில் தீப்பற்றும். பூமியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு கொடியது. கசியும் கறுப்பு நீர் பக்கத்துக் கிணறுகளையும் கெடுக்கும். 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்ததே, அருகில் குடியிருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்!

ஜப்பானில் புகுவோகா நகரத்தார், அவ்வூர்ப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 1970-களில் ஒரு சிக்கனமான வழி கண்டார்கள். குப்பைக்கு அடியில் துளையிட்ட பெரிய குழாய்களைப் பதித்து, சுற்றிலும் கல் பரப்பினார்கள். கசிவு நீர் உடனுக்குடன் வடிந்துவிடும். குழாயின் வாய் வெளிக்காற்றில் திறந்தே இருக்கும்.

காற்றை உள்ளே தள்ள விசிறி வேண்டாமா? வேண்டாம்! மக்கும்போது எழும் உஷ்ணம் 50 டிகிரியையும் தாண்டும். அடுப்புப் புகை புகைபோக்கியில் ஏறுவதுபோல் சூடான காற்று மேலே போகும். அந்த இடத்தை நிரப்பக் குழாய் வழியே புதுக் காற்று தானாக உள்ளே வரும். முதல் கட்சிக்குக் கொண்டாட்டம்! குப்பை சீக்கிரம் மக்குகிறது, மீத்தேன் குறைகிறது, கசிவு நீரின் அழுக்கும் குறைகிறது. மலேசியாவும் சமோவாவும் இம்முறையைக் கைக்கொண்டன.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? ஈரக் குப்பையைப் பிளாஸ்டிக் பையில் திணித்து இறுக முடிச்சுப் போடுகிறோமே, அதற்குள் காற்று ஏது? முதல் கட்சியின் கழுத்தை நம் வீட்டிலேயே நெரித்துவிடுகிறோம். ஈரக் குப்பையைப் பையில்லாமல் தனியாகக் கொடுங்கள். இடமிருந்தால், துளையிட்ட தொட்டியில் காய்ந்த இலையுடன் கலந்து போட்டு, வாரம் ஒருமுறை கிளறுங்கள். அழுகல் நாற்றம் வந்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்; இன்னும் கொஞ்சம் காய்ந்த இலை சேர்த்துக் கிளறிவிடுங்கள். மழை பெய்த மண்போல் மணந்தால், உங்கள் ரோஜாச் செடிக்கு எரு தயார்!