பின் ஸீட்டில் உட்கார்ந்து பாருங்கள்!

"சின்னதாக ஒரு கார் வாங்கலாமென்று இருக்கிறோம். உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று அடுத்த வீட்டு அம்மாள் கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்குச் சகலமும் தெரியும் என்று நம்புகிற நல்லவர்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்!

அந்த வீட்டில் இது சாதாரணத் தீர்மானமல்ல. இத்தனை நாளும் ஸ்கூட்டரிலேயே குடும்பம் ஓடிவிட்டது. முன்னால் அவர், பின்னால் இவள், நடுவில் ஆறு வயதுப் பெண். மாமியாருக்கு முழங்கால் வலி வந்த பிறகுதான் கார்ப் பேச்சு எழுந்தது. வாங்கினால் ஐந்து வருஷத்துக்குத் தவணை கட்ட வேண்டும். தவறான வண்டியை வாங்கிவிட்டால், புடவையைப் போல மறுநாள் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வர முடியுமா?

சின்னக் கார் என்ற ஆசையை நம் நடுத்தரக் குடும்பங்களில் விதைத்தது மாருதி 800. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி அதன் முதல் வண்டியின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வாங்கியவரிடம் கொடுத்தார். 796 ஸி.ஸி. இஞ்சின் கொண்ட அந்தக் குட்டி வண்டி முப்பது வருஷம் ஓடி, 2014-ல் உற்பத்தி நின்று ஓய்வு பெற்றது. பின்புறம் பெட்டி நீட்டிக்கொண்டிராமல், மேல்நோக்கித் திறக்கும் கதவோடு முடிந்துவிடும் இந்த மாதிரி வண்டிக்குத்தான் 'ஹாட்ச்பாக்' என்று பெயர்.

அடுத்த வீட்டுக்காரர் கொண்டு வந்திருந்த விளம்பரத் தாள்களில் முதலாவது ஆல்டோ கே10. தாளைப் படித்தால் குறை சொல்லத் தோன்றாது. 998 ஸி.ஸி. இஞ்சின், நீளம் மூன்றரை மீட்டர்தான், 4.5 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். நம் சந்து பொந்துகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? லிட்டருக்கு 24.39 கி.மீ. ஓடும் என்றும் போட்டிருக்கிறது. ஆனால் அது பரிசோதனைச் சாலையில், உருளைகளின்மேல் ஓட்டிப் பார்த்த கணக்கு. நம் ஊர் ஸிக்னல்களுக்கு நடுவில், ஏ.ஸி.யும் ஓடும்போது, அதில் நல்ல பங்கு குறைந்துவிடும். 16 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், மாதம் 800 கி.மீ. ஓட 50 லிட்டர் பெட்ரோல் வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் அந்தத் தொகையைத் தவணையோடு சேர்த்துக் கூட்டிக்கொள்வது நல்லது.

வரி விஷயத்தில் மட்டும் நல்ல செய்தி. நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும், 1200 ஸி.ஸி.க்கு மேற்படாத பெட்ரோல் இஞ்சினும் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு ஒரு கார்க் கடைக்குப் போனேன். அவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார்; பாட்டுப் பெட்டியைத் திருகினார்; முகம் மலர்ந்தார். அந்த அம்மாளோ ஒரு காரியம் செய்தாள். அவருடைய நீண்ட கால்களுக்கு வேண்டிய அளவு முன் ஸீட்டைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னாள். பிறகு மாமியாரைப் பின் ஸீட்டில் ஏற்றி, குழந்தையை நடுவில் விட்டு, தானும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அத்தை, காலை நீட்ட முடிகிறதா?"

"நீட்டுவதாவது! மடக்க இடம் இருந்தால் போதாதா?"

அடுத்து, குழந்தைக்குப் பெல்ட்டைப் போட்டுப் பார்த்தாள். அது தோளில் படாமல் கழுத்தில் உரசியது. விற்பனையாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, "பின்னால் யாரும்மா பெல்ட் போடுகிறார்கள்? குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

வாசகியரே, அந்தச் சிரிப்புத்தான் என்னை இந்த வாரம் எழுத வைத்தது.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதினால், பெல்ட் இல்லாதவருக்கு அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். அந்த நிமிஷத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த எந்தத் தாயின் கைக்கும் வலு போதாது. பெரிய கார் என்றால் தப்பிக்கலாம் என்பதும் பிரமை. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் விபத்தில் இறந்தபோது விலை உயர்ந்த காரின் பின் ஸீட்டில்தான் இருந்தார். பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீசார் தெரிவித்தார்கள். பின் ஸீட்டுக்காரர்களும் பெல்ட் போட வேண்டுமென்பது சட்டம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம்.

இனி, விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் வராத ஒரு மதிப்பெண்ணுக்கு வருவோம். காரைத் தடுப்பில் மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் 'குளோபல் என்காப்' அமைப்பு 2023-ல் ஆல்டோ கே10-ஐப் பரீட்சித்தது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5-க்கு 2 நட்சத்திரம்; குழந்தைகளுக்குப் பூஜ்யம்! அது இரண்டு காற்றுப் பைகள் இருந்த வண்டி. 2025-ல் ஆறு பைகளாக்கியிருக்கிறார்கள், நல்ல முன்னேற்றந்தான். ஆனால் காற்றுப் பை பெல்ட்டுக்குத் துணையே தவிர, மாற்று அல்ல.

சின்ன வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். டாடா டியாகோவும் சின்ன ஹாட்ச்பாக்தான். இரண்டே காற்றுப் பைகளோடு 2020-ல் அது பெரியவர்களுக்கு 4, குழந்தைகளுக்கு 3 நட்சத்திரம் வாங்கியது. 2022-ல் பரீட்சை கடுமையாகிவிட்டதால் இரண்டு மதிப்பெண்களையும் அப்படியே தராசில் வைக்கக் கூடாது. ஆனாலும், மனம் வைத்தால் சின்ன வண்டியிலும் குழந்தையைக் காக்க முடியும் என்பது தெரிகிறதல்லவா? 2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கே 'பாரத் என்காப்' பரீட்சையும் வந்திருக்கிறது. எந்தக் காராயினும், பெரியவர்களுக்கு எத்தனை, குழந்தைகளுக்கு எத்தனை என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

அப்படியானால் ஆல்டோவை ஒதுக்கிவிடலாமா? பெரியவர்கள் இருவர் மட்டும் ஊருக்குள் மெதுவாகப் போய்வர, சிக்கனமான வண்டி அது. குழந்தையும் பாட்டியும் பின்னால் ஏற, வெளியூர் நெடுஞ்சாலையிலும் ஓட வேண்டுமென்றால், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, நட்சத்திரம் கூடிய வண்டியைப் பார்ப்பதே என் அபிப்பிராயம். எதை வாங்கினாலும், குழந்தை 135 செ.மீ. உயரமாவது வளரும் வரை அதற்கென்று தனி ஆசனம் வாங்கிப் பின் ஸீட்டில் பொருத்துங்கள். கைக்குழந்தையின் ஆசனத்தைக் காற்றுப் பைக்கு எதிரே முன் ஸீட்டில் ஒருநாளும் வைக்காதீர்கள்.

அடுத்த வீட்டில் இன்னும் கார் வரவில்லை. ஆறு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அவருக்குக் கொஞ்சம் வருத்தந்தான். ஆனால் குழந்தைக்கான ஆசனம் மட்டும் முன்கூட்டியே வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மாலையில் அந்தப் பெண் அதில் ஏறிப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "பாட்டி, நீயும் பெல்ட் போடு!" என்று அதட்டுகிறாள். வண்டி வருமுன்பே சட்டம் அமுலுக்கு வந்துவிட்டது!